மாயமானதா, இடிக்கப்பட்டதா?

‘வானிஷ்ட் இன்டு தின் ஏர்’ என்ற ஆங்கிலத் தொடரில் நம்மவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ‘தின் ஏர்’ என்பதற்கு முன் ‘தி’ சேர்க்கிறார்கள், அது கூடாது. ‘வாஸ் வானிஷ்ட்’ என்கிறார்கள்; அதுவும் தவறு. ஆங்கிலத்தில் ஒரு பொருள் தானாகத்தான் மறையும், மறைக்கப்படாது. மெல்ல மறைவதற்கு ‘ஃபேட்’ என்று வேறு சொல் உண்டு.

ஷேக்ஸ்பியரின் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில் காற்றில் கரைபவை மந்திரத்தால் வந்த ஆவிகள். மாயத்துக்குப் பிறந்த தொடர் அது. சிக்கலும் அங்கேதான்: மாயமானதற்கு யாரும் பொறுப்பில்லை.

நான் வசிக்கும் கார்டன் ரீச்சை ஒட்டியது மட்டியாபுருஜ். 1856-ல் ஆங்கிலேயரிடம் அவத் ராஜ்ஜியத்தைப் பறிகொடுத்த நவாப் வாஜித் அலி ஷா, இங்கே மாளிகைகளும் மிருகக்காட்சிசாலையுமாக ஒரு குட்டி லக்னோவை எழுப்பினார். 1887-ல் அவர் காலமானதும் அந்த நகரம் மாயமாகிவிட்டது என்பார்கள். மாயமில்லை. மிருகங்கள் ஏலம் போயின; மாளிகைகள் பெரும்பாலும் இடிக்கப்பட்டன. ‘வித்தவுட் எ டிரேஸ்’ என்றும் எழுத முடியாது. அவர் அடக்கமான சிப்தைனாபாத் இமாம்பாரா இன்றும் நிற்கிறது.

ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் பென்ஷன் மனுவைத் திருத்தக் கொண்டுவந்தார். சர்வீஸ் புத்தகம் காற்றில் கரைந்துவிட்டதாக எழுதியிருந்தார். “நயமா இருக்கட்டுமேன்னுதான் சார்” என்றார். அந்த வரியை அடித்தோம். எந்தத் தேதியில், எந்தப் பிரிவில் ஒப்படைத்தார் என்று எழுதினோம். நயம் போயிற்று. இனி யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.