முதலில் பெயர்

மண்டபம் பக்கம் நெத்திலிக் கருவாடும் ராமநாதபுரம் முண்டு மிளகாயும் இன்டர்நெட்டில் விற்கத் திட்டமிடும் இளைஞர் ஒருவர் கேட்டார்: "சார், முதல்ல டொமைன் வாங்கணுமா, கம்பெனி பதியணுமா? ஆடிட்டர் கம்பெனிங்கிறார். மச்சான் டொமைன்ங்கிறான்."

நான் மச்சான் கட்சி. டொமைனுக்கு வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய், பத்து நிமிஷ வேலை. முந்தினவருக்குத்தான் கிடைக்கும். கம்பெனிப் பெயர் அப்படியில்லை. கம்பெனி விவகார அமைச்சகத்திடம் விண்ணப்பித்து, அவர்கள் சரி என்றால் 20 நாள் உங்களுக்காக எடுத்து வைப்பார்கள். டொமைன் கையில் இருக்கிறது என்பதற்காக அமைச்சகம் அதே பெயரைத் தந்துவிடாது. அதனால் அங்கேயும் ட்ரேட்மார்க் பதிவேட்டிலும் தேடிப் பார்த்து, காலியாக இருந்தால் அன்றைக்கே டொமைனை வாங்கிவிடலாம்.

வாங்கிவிட்டால் மட்டும் நம்முடையதாகிவிடுமா? 'சிஃபி' என்பது சத்யம் இன்ஃபோவே தன் பெயரிலிருந்தே எழுத்துகளைப் பொறுக்கிச் செய்த சொல். 1999ல் அந்தப் பெயரில் டொமைன்கள் பதிந்தார்கள். பிறகு வந்த சிஃபிநெட் சொல்யூஷன்ஸ், 'சிஃப்பிநெட்' என்று ஒரு 'ப்' சேர்த்துப் பதிந்தது. முறையாகப் பணம் கட்டித்தான். பெங்களூர் சிவில் கோர்ட் தடை போட்டது, ஹைகோர்ட் நீக்கியது, 2004ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி போட்டது. ட்ரேட்மார்க்குக்கு உள்ள பாதுகாப்பு டொமைனுக்கும் உண்டு, முன்னாலிருந்து புழங்கிப் பெயர் வாங்கியவரே ஜெயிப்பார் என்பது தீர்ப்பின் சாரம்.

இன்னொன்று. ஊர்ப் பெயரையும் மிளகாயையும் ஒட்டவைத்து டொமைன் வாங்க எல்லோருக்கும் கை அரிக்கும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயர் அங்கே விளைவிப்பவர்களின் பொதுச்சொத்து, தனியாளின் பிராண்ட் ஆகாது. சொந்தமாக ஒரு சொல் யோசிப்பது உத்தமம்.

"யார் பேர்ல வாங்குவீங்க?" என்றேன்.

"மச்சானோட ஜிமெயில்ல சார். கார்டு அவன்கிட்டதான் இருக்கு."

இங்கேதான் ஆடிட்டர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிறக்காத கம்பெனி பெயரில் டொமைன் வாங்க முடியாது, யாராவது ஒரு மனிதர் பெயரில்தான் வாங்க வேண்டும். வியாபாரம் சூடுபிடித்தபின் மச்சான் கோபித்துக்கொண்டு பாஸ்வேர்டோடு துபாய் போய்விட்டால், கடையே அவரோடு விமானம் ஏறிவிடும். கம்பெனி பதிவானதும் மாற்றித் தருகிறேன் என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாளாவது வேண்டும். "மச்சான்கிட்ட எப்படி சார் கேக்கிறது?" என்றார். கல்யாணத்தில் மொய் நோட்டு எழுதுகிறோமே, அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கம்பெனி அவசரமாகத் தேவைப்படுவது அடுத்தவர் பணம் உள்ளே வரும்போது. வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பாருங்கள். 1906 அக்டோபரில் பதிவு. மூலதனம் 10 லட்சம்: 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர், ராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தைச் சேர்ந்த பாண்டித்துரைத் தேவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவியவர். ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்பதற்குச் சட்டப்படி ஒரு கம்பெனி கட்டாயம் வேண்டியிருந்தது. சொந்தக் கப்பல்களான காலியாவும் லாவோவும் 1907ல்தான் வந்து சேர்ந்தன.