விலைக்குப் போன ஊர்

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே போகும் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்துக்கு இரு பக்கமும் நெல் வயல்கள்தான். கடலில் கலப்பதற்கு முன்னால், காவேரி தன் கையிலிருப்பதையெல்லாம் வாய்க்கால் வாய்க்காலாகப் பகிர்ந்து கொடுத்துவிடும் பிரதேசம் இது. 1926-ல் இவ்வழியே வந்த ரயில் 1986-ல் நின்றுவிட்டது. இப்போது பஸ்தான் கதி. அவசரமில்லாமல் ஒரு நாளைக் கழிக்க விரும்புகிறவர்கள் அந்தப் பஸ்ஸில் ஏறித் தரங்கம்பாடிக்குப் போய் வரலாம்.

ஊருக்குள் புகும்போதே வெள்ளை வெளேரென்று ஒரு கோட்டை வாசல் நம்மை வரவேற்கிறது. 1792-ல் டென்மார்க் தேசத்தார் கட்டியது. அதைத் தாண்டி நேரே நடந்தால் அகலமான வீதி, பழைய மாளிகைகள், மாதா கோயில்கள். வீதியின் முடிவில் சமுத்திரம்.

இவ்வளவு தூரத்திலுள்ள தேசத்தாருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா? எல்லாம் மிளகு செய்த வேலை! 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கர், வருஷத்துக்கு 3,111 ரூபாய் குத்தகை பேசி, கடலோரத்தில் கோட்டை கட்டிக்கொள்ள அவர்களுக்கு இடம் கொடுத்தார். அப்போது தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகன் நகரத்தில் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கோட்டையின் பெயர் டான்ஸ்பர்க். இப்போது அது பொருட்காட்சிசாலை. பழைய நாணயங்களையும் பீங்கான்களையும் பார்த்துவிட்டு மாடிக்குப் போனால் கடற்காற்று அள்ளிக்கொண்டு போகிறது. 1706-ல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், கோட்டை அதிகாரியின் கோபத்துக்கு ஆளாகி, 1708-ல் இதே கோட்டையில் நான்கு மாதம் சிறையிருந்தார். மணலில் எழுதித் தமிழ் பழகியவர் என்பார்கள். அச்சு யந்திரம் வரவழைத்துத் தமிழ்ப் புத்தகங்கள் அச்சிட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துக்கள் மிகவும் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. ஆகவே சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள். பொறையாற்றுக்கு அருகே காகிதப் பட்டறையும் வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சாட்சி.

ஆனால், டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்பே ஊர் இருந்தது. கோட்டைக்கு அருகில் அலையோரத்திலுள்ள மாசிலாமணி நாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அதன் பெரும் பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்து இந்த ஊரில் உயிர்களையும் கொண்டுபோயிற்று. ஆயினும் மறுபடி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அதே கடலுக்குள் போகிறவர்களின் ஊர் இது.

அப்பேர்ப்பட்ட ஊரை 1845-ல் விற்றுவிட்டார்கள்! வியாபாரம் நஷ்டமாகவே, வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்து, மொத்தம் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனியிடம் டேனிஷ்காரர்கள் கைமாற்றினார்கள். குத்தகைக்கு வந்தவர் சொந்தக்காரரானது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. ஒரு காணி நிலத்தை விற்பதென்றால்கூட அதில் உழுகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்வார்கள். தரங்கம்பாடி ஜனங்களிடம் சொன்னவர் யார்?

இந்தக் கேள்வியுடனேயே, திரும்பும் வழியில் சற்று விலகித் தில்லையாடிக்குப் போக வேண்டும். வயல்களுக்கு நடுவே அமைதியான கிராமம். இங்கிருந்து பிழைப்புக்காகத் தென்னாப்பிரிக்கா சென்ற குடும்பத்தில் பிறந்தவள்தான் வள்ளியம்மை. இந்தியர்கள்மீது விதித்த 3 பவுன் தலைவரியையும், இந்திய விவாகங்கள் செல்லாது என்ற தீர்ப்பையும் எதிர்த்து 1913-ல் காந்திஜி நடத்திய போராட்டத்தில் அவளும் சிறை புகுந்தாள். நோயுடன் வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ந் தேதி கண்ணை மூடினாள். அன்றுதான் அவளுக்குப் பதினாறு வயது நிறைந்தது. மறு வருஷமே காந்திஜி தில்லையாடிக்கு வந்து, அந்த மண்ணைத் தரிசித்துச் சென்றார்.

குழந்தைகளுடன் தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கோட்டையைக் காட்டியதோடு திரும்பிவிட வேண்டாம். ஜனங்களைக் கேட்காமலே ஊரை விற்ற கதையை அங்கே சொல்லுங்கள். பிறகு தில்லையாடியில் வள்ளியம்மையின் நினைவு மண்டபத்தைக் காட்டுங்கள். இரண்டு ஊர்களுக்கும் இடையே சில மைல் தூரந்தான்.