ஈதர் வடித்த கை

நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்துக்கு ஆள் போடவில்லை. “ஈரமில்லாத ஈதர் இப்ப பாட்டில்லயே வருது. வடிக்கிறதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு?” என்று துறைக் கூட்டத்தில் ஓர் இளம் ஆசிரியர் கேட்டாராம். அங்கே யாரும் பதில் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். பதில் இருக்கிறது.

மதுரையில் ஒரு வேதியியல் ஆய்வகத்தில் கரைப்பான் வடிப்பது என் வேலை. டைஎத்தில் ஈதரும், டி.எச்.எஃப். என்ற டெட்ராஹைட்ரோஃபியூரான் ஈதரும்தான் அதிகம். முதலில் கால்சியம் குளோரைடில் ஊறப்போட வேண்டும். தண்ணீரோடு மிச்சமிருக்கும் ஆல்கஹாலையும் அது பிடித்துக்கொள்ளும். பிறகு சோடியம் கம்பி, கொஞ்சம் பென்சோபீனோன், நைட்ரஜன், ரிஃப்ளக்ஸ். நீலம் ஏறி நிலைத்து நின்றால் வடிக்கலாம். கிரிக்னார்ட் வினையில் மக்னீசியம் கிளம்பவில்லை என்றால் மாணவர்கள் நேரே என்னிடம் வருவார்கள். குறை பெரும்பாலும் அவர்களுடைய ஈரக் குடுவையில்தான் இருக்கும்.

குழாய்த் தண்ணீரைக் கண்டென்சரில் விடு என்று புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். அது குளிர்நாட்டில் எழுதிய புத்தகம். டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி செல்சியஸ். அக்னி நட்சத்திர நாட்களில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரே அதைவிடச் சூடு. ஈதர் எப்படிக் குளிரும்? ஆவியாகவே வெளியேறும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான அந்த ஆவி மேசையிலிருந்து இறங்கி, தரையோடு ஊர்ந்து, எட்டத்தில் எரியும் அடுப்பைப் போய்ப் பிடிக்கும். அதனால் ஐஸ் பெட்டியில் சின்ன மோட்டார் போட்டுத் தண்ணீரைச் சுற்றவிட்டோம். கோடையில் விடியற்காலையில் வடித்தோம். ஐஸில் வைக்காமல் ஒரு பாட்டிலையும் திறந்ததில்லை.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் ஓர் அட்டெண்டர். திருநெல்வேலிக்காரர், பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வடிக்கப் பலருக்குத் தெரியும். பழைய குடுவையின் அடியில் மிஞ்சிய சோடியத்தை அழிக்கச் சிலருக்குத்தான் தெரியும். அண்ணாச்சி அதைத்தான் முதலில் சொல்லித்தந்தார்.

ஈதர் மிச்சமிருக்கும் குடுவையில் தண்ணீர் விட்டால் ஹைட்ரஜனும் சூடும் சேர்ந்து தீப்பிடிக்கும். ஆகவே ஆல்கஹால். அதிலும் எடுத்த எடுப்பில் எத்தனால் கூடாது, ஐசோபுரோப்பனால். ஓரிணைய ஆல்கஹாலைவிட ஈரிணைய ஆல்கஹால் சோடியத்தோடு மெதுவாக வினைபுரியும், மூவிணையம் அதைவிட மெதுவாக. ஆல்கைல் தொகுதிகள் எலக்ட்ரானைத் தள்ளத் தள்ள, ஆக்சிஜன் தன் ஹைட்ரஜனை எளிதில் விட்டுக்கொடுக்காது. பிளஸ் டூ மாணவர்கள் இந்த வரிசையை எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அண்ணாச்சிக்கு அது கையில் இருந்தது. நைட்ரஜன் ஓட, குடுவை ஐஸில் இருக்க, ஐசோபுரோப்பனால் சொட்டுச் சொட்டாக; வேகம் தணிந்ததும் எத்தனால்; அதுவும் அடங்கிய பின் கண்ணாடிக் குச்சியால் கிளறிப் பார்த்து, மறுநாள் வரை வைத்திருந்து, கடைசியில்தான் தண்ணீர்.

“தம்பி, கொப்புளம் நின்னுட்டுன்னு நம்பிராத. உள்ள சோடியம் தோலைப் போத்திக்கிட்டுக் கெடக்கும்” என்பார். அந்தத் தோல் ஆல்காக்சைடு என்பதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அவசரத்தோடு வந்தவர் முனைவர் பட்ட மாணவரே ஆனாலும், “சாருக்கு இன்னைக்கு அவசரம், நாளைக்கு வரட்டும்” என்று திருப்பி அனுப்பிவிடுவார். துறைத் தலைவர் கூப்பிட்டுக் கேட்டபோதும் அசையவில்லை. அவர் கையில் வடிந்த ஈதரில் எத்தனையோ ஆய்வேடுகள் எழுதப்பட்டன. எந்த நன்றியுரையிலும் அவர் பெயர் இல்லை.

இனி பாட்டில் கதை. கடை ஈதரில் பெரும்பாலும் பியூட்டைலேட்டட் ஹைட்ராக்ஸி டொலுயீன் கொஞ்சம் கலந்திருக்கும். அது ஒரு ஃபீனால். காற்றும் வெளிச்சமும் பட்டால், ஆக்சிஜனை ஒட்டிய கார்பனில் தொடங்கி ஈதர் பெராக்சைடாக மாறும். அந்தச் சங்கிலி வினையைத் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அறுப்பது இந்த ஃபீனால்தான். அதன் கொதிநிலை 265 டிகிரி. ஆகவே ஈதரை வடித்தால் அது குடுவையிலேயே தங்கிவிடும். வடிந்துவரும் தூய ஈதருக்குக் காவல் கிடையாது. அதனால்தான் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே வடித்தோம்.

அந்த ஃபீனாலின் உச்சங்கள் நிறமாலையில் குறுக்கிடுகின்றன என்று இப்போது காவல் சேர்க்காத டி.எச்.எஃப். வாங்குகிறார்கள். வாங்கட்டும். திறந்த தேதியை யார் எழுதுகிறார்கள்? பாதி காலியான பாட்டில் ஜன்னலோரம் மாதக்கணக்கில் நிற்கிறது. பிறகு அதையே எடுத்து வற்றும்வரை வடிக்கிறார்கள். பெராக்சைடு எளிதில் ஆவியாகாது. அடியில் திரண்டு, வறண்டதும் வெடிக்கும். அமிலம் சேர்த்த பொட்டாசியம் அயோடைடு கரைசலோடு கொஞ்சம் குலுக்கிப் பார்க்கச் சில நிமிடம் போதும். மஞ்சளோ பழுப்போ தெரிந்தால் பெரஸ் சல்பேட்டில் கழுவலாம். டைஐசோபுரோப்பைல் ஈதர் பாட்டிலின் மூடியில் படிகம் கட்டியிருந்தால் தொடவே கூடாது. திருகும் உராய்வே வெடிக்கப் போதும். ஈதர்கள் எளிதில் வினைபுரியாதவை என்று வகுப்பில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சோடியத்துக்கும் காரத்துக்கும் அது உண்மை. காற்றுக்கு உண்மையில்லை.

பாட்டில் வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. சோடியம் குடுவையைக் கொதிக்கவைப்பதைவிட அது பாதுகாப்பானதுதான். ஆனால் வடிப்பவன் வடிக்க மட்டும் செய்யவில்லை. எது எப்போது திறந்தது, எதைச் சோதித்தாயிற்று, எதை இனி வைத்திருக்கக் கூடாது என்று கணக்கு வைத்திருந்தவனும் அவன்தான். அந்தக் கணக்கு பாட்டிலோடு வருவதில்லை. அதற்கு ஓர் ஆளைப் போடுங்கள். முடியாதென்றால், திறப்பவரே தேதி எழுத வேண்டும், அயோடைடு சோதனை பார்க்காமல் எந்த ஈதரும் சூடேறக் கூடாது என்று துறையில் விதி செய்யுங்கள்.