பாடநூலும் கடற்கரைப் பிள்ளைகளும்

இலக்கியப் பாடநூலைப் பற்றிப் பேசும்போது அதில் எந்தச் செய்யுள் சேர்ந்தது, எந்தக் கதை விடுபட்டது என்றே நாம் பெரும்பாலும் வாதிடுகிறோம். சேர்ந்த செய்யுள் பிள்ளையின் மனத்தில் என்ன ஆகிறது என்பதை அவ்வளவாக விசாரிப்பதில்லை. வகுப்பறையில் நிற்பவர்களுக்கோ இந்த இரண்டாவது கேள்வியே பெரிது.

இலங்கையிலே பாடநூல் ஓர் ஏழைப் பிள்ளையின் கையை அடைவது சிறிய காரியமன்று. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்தது. 1980இல் தொடங்கிய இலவசப் பாடநூல் விநியோகம் நூலை வீடு வரைக்கும் கொண்டுவந்தது. திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியில், கடலும் களப்பும் அணைத்துக் கிடக்கும் சாம்பல்தீவிலே, தரம் 10, 11க்குரிய 'தமிழ் மொழியும் இலக்கியமும்' நூலே வீட்டிலுள்ள ஒரே இலக்கிய நூலாக இருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். கொழும்பிலே வழக்கறிஞரின் மகன் விரிக்கும் அதே பக்கத்தை இங்கே கடற்றொழிலாளியின் மகளும் விரிக்கிறாள். இச்சமத்துவம் போராடிப் பெற்ற செல்வம்.

ஆனால் நூல் இலவசமாகக் கிடைக்க, அதன் பொருளோ விலைக்கு விற்கப்படுகிறது. வினாவிடைத் தொகுப்புகளும் தனியார் வகுப்புக் குறிப்புகளும் ஒவ்வொரு செய்யுளுக்கும் முன்கூட்டியே நயம் சமைத்து வைத்திருக்கின்றன. பணமுள்ள பிள்ளை அதை வாங்குகிறது. இல்லாத பிள்ளை இரவல் வாங்கிப் பார்த்தெழுதுகிறது. செய்யுளை வாசிக்கும் முன்பே அதன் சிறப்பு மனனமாகிவிடுகிறது. 2007இல் வந்த தேர்ச்சி மையக் கலைத்திட்டம் பிள்ளை தானே ஆராய்ந்து கண்டறிய வேண்டும் என்றது. குறிப்புக் கொப்பியோ, கண்டறிய இனி ஒன்றுமில்லை என்கிறது.

நெய்தல் திணையைக் கற்பித்த ஒரு நாள், நற்றிணையின் 45ஆம் பாடலையும் வகுப்பில் வைத்தோம். தேரில் வரும் செல்வர் மகனிடம் தோழி பேசுகிறாள்: இவள் மீன்பிடிப்போர் மகள்; நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள்; எம்மேல் புலால் நாறும், விலகி நில்; எம் வாழ்வு உம் வாழ்வைப் போன்றதன்று; எம்மவரிலும் நல்லவர் உண்டு. வகுப்பில் ஒரு மாணவி, நெய்தல் பற்றிய தன் குறிப்பைப் பார்த்து, 'கடற்கரையின் இயற்கை அழகு' என்று விடை சொன்னாள். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி எழுந்தாள்: "சேர், கருவாட்டுக்குக் காகம் கலைக்கிறது அழகோ? அது வேலையெல்லோ!"

வகுப்பு சிரித்தது, பிறகு பேசத் தொடங்கியது. தேரில் வந்தவன் சம்மாட்டியின் மகனாகத்தான் இருப்பான் என்றான் ஒருவன். கரைவலை இழுப்பவர்களுக்கு எவ்வளவு பங்கு, வலைக்காரருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குச் சொன்னான் இன்னொருவன். "விலகி நில்" என்பது நாணமா, தன்மானமா என்ற வாதம் மணி அடித்த பின்னும் ஓயவில்லை. பழந்தமிழ்ப் பாடல்களை அவை பிறந்த சமுதாயத்தோடு வைத்து ஆராய வேண்டுமென்று கைலாசபதி எழுதியதைப் பல்கலைக்கழகத்தில் படித்தோம். அந்நூல்களின் பெயரைக்கூட அறியாத பிள்ளைகள் அதே வழியில் நடந்து காட்டினார்கள்.

அடுத்து, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூரிலே வாழ்ந்த ஆசிரியர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி'யை வாசித்தோம். 1962இல் நூலாகி, சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற தொகுதியின் தலைப்புக் கதை அது. சொந்தத் தோணிக்கு ஏங்கும் ஏழைச் சிறுவனின் கதையை எவரும் எமக்கு விளக்கச் சொல்லவில்லை. தம் ஊர்ப் பேச்சும் தம் தகப்பன்மாரின் கடனும் இலக்கியமாகும் என்பதை அவர்கள் அன்றுதான் அறிந்தார்கள்.

இத்தகைய வாசிப்புக்குப் பாடவேளைகள் செலவாகின்றன. "குறிப்பு முடிஞ்சுதோ, சேர்?" என்று கேட்டு ஒரு தகப்பனார் கடலிலிருந்து வந்த கையோடு பள்ளிக்கூடம் வந்தார். அவர் கேள்வி நியாயமானது. சாதாரண தரச் சான்றிதழ் அவர் மகனுக்குக் கரையேறும் ஏணி. அதை இகழ எவருக்கும் உரிமையில்லை. எனினும் தன் வாயால் வாதாடிய பாடலைப் பிள்ளை மறப்பதில்லை. வினாவை மாற்றிக் கேட்டாலும் தடுமாறுவதில்லை. மனனம் செய்தவனோ ஒரு சொல் பிசகினால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான். ஆகவே பரீட்சைக்காகவேனும் சிந்திக்கக் கற்பிப்பதே ஏழைப் பிள்ளைக்கு உதவும்.

ஆசிரிய நண்பர்களே, பாடத்திட்டம் மாறட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு செய்யுளுக்கும் குறிப்புக் கொப்பியில் விடையில்லாத ஒரு கேள்வியையேனும் கேட்போம். இப்பாடலில் உழைப்பவர் யார்? பேசுபவர் யார்? பேச விடப்படாதவர் யார்? நூலை மக்கள் சொத்தாக்கியது ஒரு தலைமுறை. அதன் பொருளையும் மக்கள் சொத்தாக்குவது எமது தலைமுறையின் கடன்.