பிரட்டுக்களமும் மாற்றமும்

1975இல் இலங்கையின் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இரு தீர்மானங்களும் கொழும்பில் பிறந்தவை. சுமந்தவையோ ஊவா மலைகள்.

பதுளைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்த மூதாட்டி ஒருத்தி இரண்டையும் கண்டவள். பிரட்டுக்களத்தில் நின்றோருக்குக் கிடைத்தது புதிய துரையின் கட்டளை மட்டுமே. எத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர், வாரத்தில் எத்தனை நாள் வேலை, லயத்துக் கூரையை யார் பழுதுபார்ப்பர் என்ற வினாக்களுக்கு விடைகூறுவார் இல்லை. அவர்களைத் தாங்கியது, ஒரே மலையில் நிரை பிடித்தோர் அறிந்ததைத் தம்முள் பகிர்ந்து, தோட்டத் தலைவர் வாயிலாக ஒன்றாய்க் கேட்டமையே.

மாற்றத்தை முன்கூட்டியே பிரட்டில் சொல்லுதல்; சொன்னபின் சற்று நின்று செவிகொடுத்தல். நிர்வாகவியல் நூல்கள் விரித்துரைப்பதும் இதுவன்றி வேறென்ன?