இருட்டு தேடி ஒரு சனிக்கிழமை

பீர்க்கன்கரணையில் இரவு முழுதாக வருவதே இல்லை. ஜி.எஸ்.டி. சாலை விளக்குகளும், விடியவிடியத் தெற்கே ஓடும் ஆம்னி பஸ்களும், தாம்பரம் பக்கத்து வெளிச்சமும் சேர்ந்து ஏரிக்கு மேலே வானத்தை வெளுக்க வைத்துவிடும். அண்ணாந்து பார்த்தால் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே நட்சத்திரங்கள். அவற்றிலும் ஒன்றிரண்டு மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானங்கள். ஒரே நாளில் போய்த் திரும்புவதுபோல ஒரு மலை சொல்லுங்கள் என்று வீட்டில் பேச்சு வந்தபோது ஆளுக்கொன்று கேட்டார்கள்: அருவி, படகு, குளிர். நான் இருட்டு கேட்டேன்.

அது ஜவ்வாதுமலையில் கிடைக்கும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களுக்கு நடுவே விரிந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை. எங்கள் வீட்டிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். அங்கே காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் இருக்கிறது. வானியலாளர்களே தேடிப் பிடித்த இருட்டு என்றால் நாம் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை.

பயணத் திட்டத்தைக் காலையிலிருந்து போடுவதுதான் வழக்கம். இதற்கோ இரவிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் பொதுமக்களை அனுமதிப்பது சனிக்கிழமைகளில். நிலா இருந்தால் பாதிக் காரியம் கெட்டது. ஆகவே அமாவாசையை ஒட்டிய சனி. ஐப்பசி, கார்த்திகை என்றால் மேகம் மூடிக்கொள்ளும். தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் புரட்டியதில் பங்குனி அமாவாசை பொருந்தி வந்தது. பங்குனியில் ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பீமன் அருவியில் தண்ணீரை எதிர்பார்ப்பதற்கில்லை. அருவிக் கட்சி அத்தோடு தோற்றது.

போகும்போது மேல்மருவத்தூர், வந்தவாசி, சேத்துப்பட்டு, போளூர். திரும்பும்போது ஆலங்காயம் வழியாக வாணியம்பாடி வந்து பெங்களூரு நெடுஞ்சாலை. இப்படி வட்டமடித்தால் இருட்டில் இறங்க வேண்டிய மலைப்பாதை குறைவு.

செங்கல்பட்டு தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து "ஆறு எங்கேப்பா?" என்ற கேள்வி வந்தது. கீழே மணலும் முள்ளும்தான். இந்த ஆற்றில் வெள்ளம் ஓடிய கதை ஒன்றைச் சொன்னேன். ஜவ்வாதுமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுகிறவர்கள்; தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் அந்தக் கதை இருக்கிறது. காஞ்சிபுரத்து வேளாளர் வீட்டுப் பெண்கள் ஏழு பேரை வேடர்கள் தூக்கிச் சென்றுவிட, மீட்க ஏழு ஆண்கள் நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் தனியே வந்தால் எங்களுக்குக் கருமாதி செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போனார்களாம். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ அக்கரை சேர்ந்தார்கள். நாய்கள் பாதி நீந்தித் திரும்பி வீடு வந்துவிட்டன. வேலை முடித்து ஊர் திரும்பியவர்களுக்குக் காரியமே முடிந்திருந்தது. செத்தவர்களை ஊர் எப்படிச் சேர்க்கும்? வேடர் பெண்களை மணந்துகொண்டு அவர்கள் மலையேறினார்கள் என்று கதை முடிகிறது. தூக்கிச் செல்லப்பட்ட அந்த ஏழு பெண்களின் கதி என்ன என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. கதைக்கு அதில் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. "நாமும் சொன்ன நேரத்துக்குத் திரும்பிடணும்" என்றாள் மனைவி.

பாலாறு எங்களுக்கும் அந்நியமில்லை. ஜவ்வாதுமலையில் பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாற்றுப் படுகையில் இறைக்கிற நீர்தான் தாம்பரம் வட்டாரத்துக்குக் குழாய்வழி வருகிறது. அந்த மலைமேல் பெய்த மழையில் ஒரு வாய் நாங்கள் எப்போதோ குடித்திருப்போம்.

போளூரில் சாப்பாட்டை முடித்து, டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறினோம். ஜமுனாமரத்தூர் மலைகள் சூழ்ந்த கிண்ணம். சுற்றிலும் அறுப்பு முடிந்த கொல்லைகள், புளியமரங்கள். டீக்கடை அம்மா எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார். தாம்பரம் என்றேன். பீர்க்கன்கரணை என்றால் தாம்பரத்திலேயே பாதிப் பேருக்கு வழி சொல்ல வேண்டியிருக்கும்.

"எத்தினி நாளு தங்கறீங்க?"

"ராத்திரியே கிளம்பிடுவோம்மா."

"இதுக்கா இம்மாந் தூரம் வந்தீங்க?" என்று சிரித்துவிட்டு, சாமை அரிசி வாங்கிப் போகச் சொன்னார். வாங்கினோம். கீழ்சேப்பிளியில் குள்ளர் குகை என்று மக்கள் சொல்லும் பெருங்கற்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன, மனசில்லாமல் விட்டோம்.

காவலூரில் வெயில் சாய்வதற்குள் பெரிய தொலைநோக்கியைப் பார்த்துவிட வேண்டும். ஆடி மட்டும் 2.34 மீட்டர் குறுக்களவு. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டியது. அதற்காக உழைத்த வைணு பாப்பு அதைப் பார்க்காமலே 1982இல் மறைந்தார். 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி அவர் பெயரைச் சூட்டினார். எனக்கு அதைவிடப் பிடித்தது 1972இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடந்தபோது அந்த நட்சத்திரம் முன்னும் பின்னும் மினுக்கி மங்கியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுகொண்ட அந்த இரவில், அதைப் பதிவுசெய்த கருவிகளில் இதுவும் ஒன்று. 1988இல் இங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயர்.

இருட்டியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. செல்போனை அணைத்துப் பைக்குள் போட்டபின் கண் மெல்லப் பழகியது. அப்புறம் அடையாளம் சொல்லவே திணறினேன். ஊரில் தெரிகிற பத்து நட்சத்திரங்களை வைத்துக் கற்ற பாடம், ஆயிரக்கணக்கில் வந்து நின்றால் உதவாது. பார்வையாளருக்கான சிறிய தொலைநோக்கியில் ஓரியனின் வாளில் தொங்கும் வாயுமேகத்தைக் காட்டினார்கள். நான் வெறும் கண்ணுக்கே திரும்பினேன். காவலூர் ஏறத்தாழ பன்னிரண்டரை டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் வடவானமும் தென்வானமும் ஒருங்கே கிடைக்கின்றன: வடக்கே சப்தரிஷி, தெற்கே மலைவிளிம்பை ஒட்டித் தென்சிலுவை, தென்மேற்கில் சாயும் அகத்தியர். கல்யாண மண்டபக் கூரைக்கடியில், பட்டப்பகலில், புரோகிதர் விரல் நீட்டிய அருந்ததியை வசிஷ்டர் பக்கத்தில் நிஜமாகவே பார்த்தோம். "இருக்கு!" என்றாள் மனைவி, அத்தனை வருடம் சந்தேகப்பட்டிருந்தவள் குரலில்.

கிளம்பும் முன் சில ஏற்பாடுகள்: அன்றைக்கு அனுமதி உண்டா என்று ஆய்வகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். மலைப்பாதை பழகிய ஓட்டுநர் வேண்டும். அவர் மதியம் தூங்கியிருக்கவும் வேண்டும். வாணியம்பாடி இறங்கியபின் காஞ்சிபுரம், வாலாஜாபாத், ஒரகடம் வழியாக விடியற்காலையில் வீடு சேரலாம். அருவி வேண்டுமென்றால் மழை முடிந்த கையோடு இன்னொரு முறை போங்கள்; இரண்டையும் ஒரே நாளில் முடிச்சுப் போடாதீர்கள்.