காலையில் கேட்ட ஓசை

நாடி பிடித்துப் பாராமல் மருந்து எழுதித் தரும் வைத்தியனைப் போலி என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. ஆனால், காது கொடுத்துக் கேளாமல், "இஞ்சினையே மாற்றிவிடு" என்று சொல்பவனை மட்டும் நிபுணன் என்று நம்பிவிடுகிறோம். நாமும் அப்படி நம்பியவர்தாம். அந்த அறியாமையை மறைப்பதைவிட எழுதிவிடுவது பிறருக்குப் பயன்படும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

நாம் குடியிருப்பது ஆயர் குரோ. மலாய் மொழியில் அப்பெயருக்குக் கலங்கிய நீர் என்பது பொருள். விரைவுச் சாலையும், மாநில அரசாங்க அலுவலகங்களும், மிருகக்காட்சிச் சாலையும் உள்ள இவ்வூரில் சொந்த மோட்டார் இல்லாதவன் படும் பாடு சொல்லி முடியாது. நம்மிடம் உள்ளது ஒரு பழைய புரோட்டோன் சாகா. 1985-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்நாட்டின் முதற் கார் என்று பெருமையோடு வெளியிடப்பட்ட இனத்தைச் சேர்ந்தது. பெயர் இந்நாட்டுப் பெயராயினும், உள்ளே துடிக்கும் இஞ்சின் ஜப்பானிய மிட்சுபிஷியாரின் அமைப்பு. தோட்டத்தில் பால் வெட்டிய நம் தந்தையார் தம் சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கி, நமக்கு விட்டுச் சென்றது. வாரத்தில் மூன்று நாள், விடியற்காலை ஐந்து மணிக்கு, நம் துணைவியாரை டயாலிசிஸ் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது அந்த வண்டியே. அது ஒரு நாள் படுத்துக்கொண்டால் நம் வீட்டில் படுப்பது வண்டி மட்டுமன்று.

அத்தகைய வண்டி சென்ற ஆண்டு விடியற்காலைகளில் ஓலமிடத் தொடங்கிற்று. சாவியைத் திருப்பியதும் தகரப் பெட்டியில் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் ஒரு கடகடப்பு. அது அடங்கியபின் தையல் இயந்திரம்போல் ஒரு டிக்டிக் ஓசை. சில நிமிடங்கள் ஓடி இஞ்சின் சூடேறிய பிறகு இரண்டுமே இரா. நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டினோம். வண்டி அங்குப் போய்ச் சேர்வதற்குள் சூடேறிவிட்டதால் ஓசையும் அடங்கிவிட்டது. ஆயினும் பட்டறைக்காரர் மூடியைக் கூடத் திறவாமல், இஞ்சின் தேய்ந்துவிட்டது, பழைய இஞ்சின் ஒன்று மாற்ற 3,500 வெள்ளி ஆகும் என்றார். அன்றிரவு துணைவியார் தம் கைவளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் நம் தாய்மாமன் வந்தார். ரப்பர்த் தோட்டத்து ஆலையில் முப்பது ஆண்டுகள் இஞ்சின் பக்கத்திலேயே நின்றவர். அவரிடம் சான்றிதழ் ஒன்றும் கிடையாது. அந்த முப்பதாண்டு இரைச்சல் அவர் செவியையும் தின்றுவிட்டது. சிறிய, கூரிய ஓசைகள் அவருக்குக் கேளா. "என் காது மில்லோடு போய்விட்டது, மாப்பிள்ளை. உன் காதைக் கொடு, நான் கேள்வியைக் கொடுக்கிறேன்" என்றார்.

அவர் கேட்ட முதற்கேள்வி, "எப்போது கேட்கிறது?" என்பது. காலைக் குளிரில் என்றோம். அவர் சிரித்தார். "மலாக்காவில் ஏது குளிர்? இஞ்சினுக்குக் குளிர் என்றால் இரவெல்லாம் ஓடாமல் கிடந்தது என்று பொருள். கிடந்தால் மேலே இருந்த எண்ணெய் எல்லாம் கீழே இறங்கிவிடும்" என்றார். சூடான இஞ்சினை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி முடுக்கச் சொன்னார். கடகடப்பு இல்லை. மறுநாள் விடியலில் எண்ணெய் விளக்கைக் கவனிக்கச் சொன்னார். சிவப்பு விளக்கு அணைந்த அந்த நொடியிலேயே கடகடப்பும் நின்றது. ஆகவே அது தேய்மானத்தின் முடிவுரையன்று. எண்ணெய் மேலேறி வரத் தாமதமாகிறது என்பதே.

ஏன் தாமதம்? அளவுகோலை உருவிப் பார்த்தார். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே, தார்போல் கறுத்து நின்றது. வடிகட்டியை எங்கு வாங்கினாய் என்றார். விலை குறைவு என்பதற்காகப் பேரில்லாத ஒன்றை வாங்கிப் போட்டதை ஒப்புக்கொண்டோம். நல்ல வடிகட்டியினுள் மெல்லிய ரப்பர் மடல் ஒன்று உண்டு. இஞ்சின் நின்றபின் எண்ணெய் திரும்பி வடியாதபடி காப்பது அதுவே. அது கெட்டுப்போனால் காலைதோறும் வெறும் வடிகட்டி நிரம்பும்வரை மேலுள்ள உறுப்புக்கள் எண்ணெயின்றி உராயும். அந்த மடல் நம் மரத்துப் பாலில் ஆவதன்று. இயற்கை ரப்பர் எஞ்சின் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். ஆகையால் எண்ணெய்க்குத் தாங்கும் செயற்கை ரப்பரால் அதனைச் செய்கின்றனர். 1896-இல் இம்மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டது முதல் அம்மரத்தோடு வாழ்ந்த நம்மவர்க்கு இச்செய்தி புதுமையாகத் தோன்றலாம்.

எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றினோம். "வேறொன்றையும் தொடாதே. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றினால்தான் எது குற்றவாளி என்று தெரியும்" என்றார். மறுநாள் கடகடப்பு இல்லை. டிக்டிக் மட்டும் நின்றபாடில்லை.

1816-இல் பாரிசு நகரத்து மருத்துவர் லென்னக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார் என்று படித்திருக்கிறோம். மாமா நம் கையில் ஒரு முழ ரப்பர்க் குழாயைக் கொடுத்தார். சட்டைக் கையை மடித்து, விசிறிக்கும் பெல்ட்டுக்கும் எட்ட நின்று, திறந்த வெளியில்தான் கேட்க வேண்டும் என்று எச்சரித்தார். மூடிய கொட்டகையில் புகை ஆளைக் கொன்றுவிடும். குழாய் முனையை டாப்பெட் மூடியருகே பிடித்தோம், ஓசை மெலிந்தது. புகைக்குழாய் இஞ்சினோடு சேரும் இடத்துக்குக் கொண்டுபோனோம். காதில் புஸ்புஸ் என்று அறைந்தது. விளக்கடித்துப் பார்த்தால் அந்தப் பொருத்தில் கரிக்கோடு. கேஸ்கட் பிளந்திருந்தது. சூட்டில் இரும்பு விரிந்து பிளவை அடைத்துக்கொள்வதால்தான் சிறிது நேரத்தில் ஓசை மறைந்தது. இதற்கும் எண்ணெய்க்கும் வடிகட்டிக்குமாக நாம் செலவழித்தது 180 வெள்ளி. வளையல்கள் மறுபடி கைக்கு ஏறின.

அன்று மாமா சொன்ன மற்றவற்றையும் இங்கே பதிவு செய்கிறோம். கீச்சென்று கத்துவது பெரும்பாலும் தளர்ந்த பெல்ட். உட்குழிந்த மரத்தைத் தட்டினாற்போல் காலையில் கேட்டு, சூட்டில் மறைவது பிஸ்டன் ஆடும் ஓசையாக இருக்கலாம். அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் சூடேறியதும் இடைவெளி குறைகிறது. அதனோடு நெடுநாள் ஓட்டலாம். ஆனால் ஆழத்திலிருந்து தட்தட் என்று எழுந்து, சூடேற ஏற மிகுந்து, விசை கொடுக்கையில் உரக்கும் ஓசை பேரிங் தேய்ந்ததற்கு அறிகுறி. எண்ணெய் சூட்டில் நீர்த்துப்போவதால் அது மோசமாகும். எண்ணெய் விளக்கு அணையாவிட்டாலும் அப்படியே. உடனே நிறுத்திவிட வேண்டும். "சூட்டில் குறைவது பொறுக்கும், சூட்டில் வளர்வது பொறுக்காது" என்பது அவர் வாய்ப்பாடு. எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது என்பதையும் அவரே சொன்னார். நம் கடகடப்பு சூட்டில் மறைந்ததுதான். கவனியாமல் விட்டிருந்தால் உறுப்புக்கள் நாளடைவில் தேய்ந்தே போயிருக்கும்.

அன்பர்களே, குற்றம் வண்டியினுடையதன்று, நம்முடையது. எண்ணெய் மாற்றாமல் நாளைக் கடத்தியவர் நாம். மலிவைத் தேடியவர் நாம். காரணத்தைக் கேளாமல் தீர்ப்பை மட்டும் கேட்டவரும் நாம். படிப்பற்றவர் என்று ஊரார் ஒதுக்கிய ஒரு தோட்டத் தொழிலாளியிடம், எப்போது, எவ்வளவு நேரம், எதனோடு கூடி என்று முறையாகக் கேட்கும் அறிவு இருந்தது. அவரைப் போன்றோர் நம் குடும்பங்கள்தோறும் இருக்கின்றனர். நம் ஆலைகளின் இரைச்சலில் செவியை இழந்து மூலையில் உட்கார்ந்திருக்கின்றனர். அவர்கள் கேளாமற் போவதற்குள் நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?